தெய்வத்தையும் மாற்றலாம்: அக்கான் உலகின் கடவுள்கள், ஆவிகள், காட்டு உயிர்கள்

மேற்கு ஆப்பிரிக்காவில் கானாவிலும் அதைச் சுற்றியும் வாழும் அக்கான் மக்களின் ஊர் ஒன்றில் ஒரு தெய்வம் சொன்னது பலிக்கவில்லை, கேட்டது நடக்கவில்லை என்றால் மக்கள் கொஞ்ச காலம் பொறுத்துப் பார்ப்பார்கள். அப்புறம் வேறு தெய்வத்தைத் தேடிப் போய்விடுவார்கள். கைவிடப்பட்ட தெய்வத்தின் பெயர்கூடக் காலப்போக்கில் மறந்துபோகும். கே. ஏ. பூசியா இதை ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார்: செய்துகொடுக்கும் தெய்வத்துக்கு மரியாதை, செய்யாததற்கு இளக்காரம். பூசியா வெளியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனவர் அல்ல. வென்ச்சி அரச குடும்பத்தில் பிறந்தவர், சமூகவியல் அறிஞர், 1969 முதல் 1972 வரை கானாவின் பிரதமர். கானாவின் தத்துவ அறிஞர் குவாசி விரேடு இன்னும் ஒரு படி மேலே போனார். பலன் இருக்கும்வரை மட்டும் வைத்துக்கொள்ளும் இந்த உறவை வழிபாடு என்று சொல்வதே சரியா என்று கேட்டார்.

அக்கான் தெய்வங்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தொடுவதில்லை. வானக் கடவுள், பூமித்தாய், நதி தேவன், சிலந்திக் கடவுள், மரத்தில் தொங்கும் பூதம் என்று வரிசையாக அடுக்கிவிடுகிறார்கள். கிரேக்கப் புராணத்துக்குப் போட்ட சட்டத்தையே இதற்கும் போடுகிறார்கள். உண்மையில் இந்த வரிசையில் பாதிப் பேரை யாரும் கும்பிடுவதில்லை. யாரிடம் எதற்குப் போவது, போனால் என்ன விலை, பலிக்காவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அங்கே முக்கியம்.

அக்கான் என்பது ஒரே இனம் இல்லை. கானாவின் தெற்கிலும் நடுப்பகுதியிலும், பக்கத்து நாடான ஐவரி கோஸ்ட்டின் தென்கிழக்கிலும் நடுப்பகுதியிலும் வாழும் பல மக்களுக்கான பொதுப்பெயர். அசாந்தே, ஃபான்டே, போனோ, அச்செம், அக்வாபிம், பவுலே எல்லாம் இதில் அடக்கம். குமாசியைத் தலைநகராகக் கொண்ட அசாந்தே அரசு பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பெரிதாக வளர்ந்ததால் அவர்கள் பெயர், ஆங்கிலேயர் வழியாக அஷாந்தி என்று, உலகமெங்கும் தெரிந்தது. நமக்குக் கிடைக்கும் விவரங்களிலும் அசாந்தே சாயல் தூக்கல்தான். 1920களில் ஆங்கிலேய அரசின் மானிடவியல் அதிகாரியாக இருந்த ஆர். எஸ். ராட்ரே உட்கார்ந்து கேட்டு எழுதியது பெரும்பாலும் அவர்களிடம்.

கூப்பிடு தூரத்தில் இருந்தவர்

உச்சியில் இருப்பவர் நியாமே. நியாங்கோபோன், ஒடோமான்கோமா என்றும் அவருக்குப் பெயர் உண்டு. ஆதியில் வானம் தாழ்வாக, கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. ஒரு கிழவி தினமும் உரலில் ஃபூஃபூ இடிப்பாள். அவித்த கிழங்கை இடித்துத் திரட்டும் உணவு அது. அவள் உலக்கையை ஓங்கும்போதெல்லாம் அது மேலே இருந்த நியாமேயின் மேல் இடித்தது. சொல்லிப் பார்த்தார், கிழவி நிறுத்தவில்லை. அவர் மேலே மேலே போய்விட்டார். வருந்திய கிழவி தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஊரிலுள்ள உரல்களையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கச் சொன்னாள். இன்னும் ஒரே ஒரு உரல் இருந்தால் எட்டிவிடலாம் என்ற நிலை. எங்கும் கிடைக்கவில்லை. அடியில் இருப்பதை உருவி மேலே வை என்றாள். அடுக்கு மொத்தமும் சரிந்து பலர் செத்தார்கள்.

கடவுள் கோபித்துக்கொண்டு தண்டனை கொடுத்ததாக இந்தக் கதை சொல்லவில்லை. தொந்தரவு தாங்காமல் தள்ளிப் போய்விட்டார், அவ்வளவுதான். தள்ளிப் போனாலும் மறக்கப்படவில்லை. கடவுளை யாரும் குழந்தைக்குக் காட்டித்தர வேண்டியதில்லை என்பது அவர்களின் பழமொழி. பழைய வீட்டு முற்றங்களில் நியாமேதுவா என்னும் மரத்தின் கவைக்கொம்பு நட்டிருக்கும். நம் ஏழிலைப்பாலைக்கு ஆப்பிரிக்க உறவான மரம் அது. அந்தக் கவையில் ஒரு சட்டி, சட்டியில் மழைநீர். வீட்டுக்காரர் அந்த நீரைத் தெளித்து ஆசி பெறுவார். சில அரண்மனைகளில் நியாமேக்குத் தனி இடமும் பூசாரியும் இருந்ததை ராட்ரே பதிவு செய்திருக்கிறார். ஆனால் ஊர்தோறும் கோயில், குறி சொல்லும் பூசாரி என்ற ஏற்பாடு அவருக்குக் கிடையாது.

இதனால் ஒரு வேடிக்கையும் நடந்தது. கோயில் இல்லாத கடவுளைப் பார்த்த ஆங்கிலேய அதிகாரி ஏ. பி. எல்லிஸ், இது ஐரோப்பியர்களிடமிருந்து இவர்கள் கடன் வாங்கிய கடவுள் என்று 1887இல் எழுதிவிட்டார். ராட்ரே அதை மறுத்தார். பழமொழிகளிலும் முரசு மொழியிலும் முற்றத்துக் கவைக்கொம்பிலும் இவ்வளவு ஆழமாக ஊறியிருக்கும் ஒருவர் நேற்று வந்திருக்க முடியாது என்பது அவர் வாதம். எல்லிஸ் கடவுளைத் தேடிய இடம்தான் தப்பு.

பூமியின் நிலையும் கிட்டத்தட்ட இதுதான். அசாந்தேக்கு அவள் அசாசே யா, அதாவது வியாழக்கிழமை பிறந்தவள். ஃபான்டே மக்களுக்கு வெள்ளிக்கிழமை பிறந்த அசாசே எஃபுவா. அவளுக்கும் கோயில் இல்லை, பூசாரி இல்லை. அவள் குறி சொல்வதில்லை என்று பழமொழியே இருக்கிறது. அவளுக்கு உரியது ஒரு நாள். அசாந்தே நாட்டில் வியாழக்கிழமை மண்ணைக் கொத்தக் கூடாது, உழவு வேலைக்கு விடுமுறை. புது நிலத்தைத் திருத்தும் முன் விவசாயி கோழியும் மசித்த கிழங்கும் படைத்து அனுமதி கேட்பார். சவக்குழி வெட்டும் முன்பும் அவளுக்கு மது வார்க்க வேண்டும்.

ஆக, நீக்க முடியாத இருவருக்கும் கோயில் இல்லை. கோயில் உள்ளவர்களோ நீக்கப்படக் கூடியவர்கள்.

நதி, பித்தளைத் தட்டு, பூசாரி

அபோசோம் என்று சொல்லப்படும் தெய்வங்கள் நியாமேயின் பிள்ளைகள். ஆறு, ஏரி, கடல், பாறை, மரம் என ஏதாவது ஓர் இடத்தோடு கட்டுண்டவர்கள். நீரோடு தொடர்புள்ளவர்களே அதிகம். அவர்களில் பெரியவர் தானோ. போனோ நாட்டில் டெச்சிமான் அருகே பிறந்து, தெற்கே ஐவரி கோஸ்ட் எல்லைப் பக்கம் கடலைச் சேரும் ஆறு அது. தானோவுக்கு பியா என்றொரு சகோதரன், அவனும் ஆறுதான். சொல்பேச்சு கேட்கும் பிள்ளையான பியாவுக்குச் செழிப்பான நிலத்தையும் தானோவுக்கு வறண்ட நிலத்தையும் கொடுக்க நியாமே நினைத்தாராம். சேதி சொல்லப் போன ஆடு தானோவிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தது. விடியும் முன்பே தானோ பியாவைப் போல வேடம் போட்டுக்கொண்டு போய் நல்ல நிலத்தை வாங்கிக்கொண்டான். கொடுத்தது கொடுத்ததுதான், திருப்பி வாங்க முடியவில்லை.

தெய்வம் ஆற்றிலேயே இருந்தால் ஊருக்கு எப்படி வரும்? அதற்குத்தான் பித்தளைத் தட்டு. ஆற்று நீர், களிமண், மூலிகை என்று பல பொருள்கள் சேர்த்து அந்தப் பாத்திரத்தைத் தயார் செய்வார்கள். அது தெய்வம் அல்ல, அது வந்து தங்கும் இடம். ஒகோம்ஃபோ எனப்படும் பூசாரி உடம்பெல்லாம் வெள்ளைக் களிமண் பூசி, முரசு முழங்க, தட்டைத் தலையில் ஏந்துவார். அருள் வந்தபின் பேசுவது தெய்வம். பூசாரி ஆவதற்குக் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுப் பயிற்சி. பரம்பரையாக வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. தெய்வம் யாரைப் பிடித்தாலும் பிடிக்கலாம், பெண்களையும்.

தானோவின் ஊரான டெச்சிமானில் நடக்கும் ஆப்போ திருவிழாவை ராட்ரே 1922இல் நேரில் பார்த்தார். அந்த நாட்களில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே திட்டலாம், அரசரையும்கூட. ஒரு முதிய பூசாரி அவருக்குக் காரணம் சொன்னார். ஒவ்வொருவருக்குள்ளும் சுன்சும் என்ற ஆவி இருக்கிறது. அடுத்தவர் மேல் வைத்த வன்மம் அதை நோயாக்கி உடம்பையும் கெடுக்கும். அரசருக்கும் அப்படித்தான், மற்றவர்களின் மனத்தாங்கல் அவர் சுன்சுமை அரிக்கும். அதனால் முன்னோர்கள் ஆண்டுக்கொரு முறை எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்க ஏற்பாடு செய்தார்கள் என்றார். இதே போன்ற வசைத் திருவிழாவைக் கடற்கரை ஊரான ஆக்சிமில் கண்டதாக டச்சு வணிகர் வில்லெம் போஸ்மான் அதற்கு இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே எழுதியிருக்கிறார். என்னைக் கேட்டால், மொத்த அக்கான் மரபிலும் உலகம் கடன் வாங்க வேண்டியது சிலந்திக் கதைகளை அல்ல, இந்தத் திருவிழாவைத்தான்.

குமாசிக்குத் தென்கிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில் போசொம்த்வே ஏரி. கிட்டத்தட்ட வட்டமாக இருக்கும். சுமார் 10.7 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதி உண்டான பத்துக் கிலோமீட்டர் அகலப் பள்ளத்தில் நிறைந்த நீர் அது. மோதலில் உருகித் தெறித்த கண்ணாடித் துணுக்குகள் ஐவரி கோஸ்ட்டில் இன்றும் கிடைக்கின்றன. அசாந்தே மக்களுக்கு இது த்வே என்ற தெய்வத்தின் இடம். இறந்தவரின் உயிர் இங்கே வந்து விடைபெற்றுப் போகும். ஏரி நீரில் இரும்பு படக் கூடாது, வழக்கமான படகு கூடாது. மீனவர்கள் பாதுவா என்னும் பலகையில் குப்புறப் படுத்துக் கையால் துழாவிப் போவார்கள். சில சமயம் ஏரி தன் வெடிமருந்தைக் கொளுத்தும் என்பார்கள். அடியில் மட்கிய பொருட்களிலிருந்து கிளம்பும் வாயு மேலே வந்து வெடிக்க, மீன்கள் செத்து மிதக்கும். அந்த நேரத்தில் அள்ளிக்கொள்ள வேண்டியதுதான். இரும்புக்குத் தடை இருந்ததால் பெரிய அளவு மீன்பிடிப்பு நெடுங்காலம் இங்கே நுழைய முடியவில்லை. 2016இல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

கடற்கரையில் இதே விதி வேறு நாளில் வருகிறது. கடல் தெய்வம் போசொம்போவுக்கு உரியது செவ்வாய்க்கிழமை, அன்று கடலுக்குப் போகக் கூடாது. கேப் கோஸ்ட்டில் அடிமைகளை அடைத்து வைத்திருந்த கோட்டைக்குள்ளேயே நானா தாபிர் என்ற தெய்வத்தின் இடம் இருக்கிறது. கோட்டை கட்டும் முன்பே அந்தப் பாறை அவருடையது என்பது ஊரார் கணக்கு.

தெய்வத்தை மக்கள் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் நடுக் கானாவில் உள்ள புவாபெங், ஃபியெமா என்ற இரட்டை ஊர்கள். சுற்றிலும் காட்டில் மோனா குரங்குகளும் கருப்பு வெள்ளை கோலபஸ் குரங்குகளும் இருக்கின்றன. ஊர்த் தெய்வத்தின் பிள்ளைகள் என்பதால் யாரும் தொட மாட்டார்கள். குரங்கு செத்தால் துணி சுற்றி அடக்கம் செய்வார்கள். 1970களின் தொடக்கத்தில், தெய்வத்தை ஏற்காத ஒரு கிறிஸ்தவச் சபையினர் குரங்குகளைக் கொல்லத் தொடங்கினார்கள். தெய்வம் ஒன்றும் செய்யவில்லை. ஊரார் அரசாங்கத்திடம் போனார்கள். 1975இல் வேட்டைக்குத் தடை விதித்து உள்ளூர்ச் சட்டம் வந்தது. இன்று அது புகழ்பெற்ற குரங்குச் சரணாலயம்.

காட்டுக்குள் போனால்

ஊர் எல்லை தாண்டியதும் விதிகள் மாறும். எல்லா உயிரிலும் ஏதோ ஓர் ஆற்றல் உண்டு என்றாலும் சிலவற்றுக்கு மட்டும் சாசா என்னும் பழிவாங்கும் ஆற்றல் இருக்கிறது. யானைக்கு உண்டு, பொங்கோ மானுக்கு உண்டு. இவற்றைக் கொன்ற வேடன் அதற்குரிய சடங்கைச் செய்தாக வேண்டும், ஏறக்குறைய ஓர் இறுதிச் சடங்கு போல. மரங்களிலும் சில அப்படி. முரசு செய்யும் ட்வெனெபோவா மரத்தை வெட்டும் முன் முட்டை உடைத்து வைத்து, உன்னைச் செதுக்க வருகிறேன், கத்தி என்னை வெட்டாமல் பார்த்துக்கொள் என்று கேட்டுவிட்டுத்தான் கோடரி ஓங்க வேண்டும்.

மோவாதியா என்பவர்கள் குள்ளர்கள். உயரம் ஓர் அடி சொச்சம். பாதம் பின்பக்கம் திரும்பியிருக்கும், அதனால் காலடித் தடத்தைப் பார்த்துப் பின்தொடர்பவன் எதிர்த்திசையில் போய் வழி தவறுவான். தங்களுக்குள் சீட்டி அடித்துப் பேசிக்கொள்வார்கள். கறுப்பு, சிவப்பு, வெள்ளை என மூன்று வகை. கறுப்பர்கள் பெரும்பாலும் தீங்கில்லாதவர்கள், மற்ற இருவரும் சேட்டைக்காரர்கள். ஆனால் மூலிகை அறிவு முழுவதும் இவர்களிடம்தான். பல வைத்தியர்களும் பூசாரிகளும், காட்டில் மோவாதியாவிடம் சிக்கிப் பல நாள் இருந்து கற்றுக்கொண்டு வந்ததாகத்தான் தங்கள் தொழில் தொடங்கிய கதையைச் சொல்வார்கள்.

சாசாபொன்சாம் வேறு ரகம். உடம்பெல்லாம் நீண்ட மயிர், ரத்தம் கட்டிய பெரிய கண்கள், நீளமான கால்கள், முன்னும் பின்னும் திரும்பிய பாதங்கள். ஒடும் மரத்திலோ ஒன்யினா என்னும் இலவ மரத்திலோ உயரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டிருக்கும். கீழே அசட்டையாக வரும் வேடனைக் காலாலேயே கொக்கி போட்டுத் தூக்கிக்கொள்ளும். பூசாரிகள் என்றால் அதற்கு ஆகவே ஆகாது, சூனியக்காரர்களோடு கூட்டு. இதற்கு வெளவால் இறக்கை ஒட்டி, ஆப்பிரிக்க ரத்தக்காட்டேரி என்று இன்று படம் போடுகிறார்கள். பழைய விவரிப்பில் முக்கியம் அந்தத் தொங்கும் கால்தான். அடர்காட்டில் ஆபத்து தலைக்கு மேலே இருக்கிறது, பார்த்து நட என்று வேடனுக்கு வேறு எப்படிச் சொல்வது?

சூனியமும் கோக்கோவும்

பூதத்தைவிட மக்கள் உண்மையாகப் பயந்தது மனிதர்களுக்கு. ஒபாயிஃபோ என்பவர் பக்கத்து வீட்டு மனிதர்தான், பெரும்பாலும் சொந்தக்காரர். இரவில் உடலை விட்டு வெளியேறிப் பறப்பார். உடம்பிலிருந்து ஒளி கசியும். குழந்தைகளின் ரத்தத்தைக் குடிப்பார், பயிரின் சாற்றை உறிஞ்சுவார். ராட்ரே காலத்துக்குள் கோக்கோ பட்டுப்போவதும் இவர்கள் கணக்கில் சேர்ந்துவிட்டது.

கோக்கோ இங்கே சும்மா வரவில்லை. 1890களில் ஏற்றுமதி தொடங்கி 1911இல் உலகிலேயே அதிகம் கோக்கோ விளைவிக்கும் நாடாக கோல்டு கோஸ்ட் (ஆங்கிலேயர் ஆட்சியில் கானாவின் பெயர்) ஆனது. இருபதே ஆண்டு. நிலத்துக்கு விலை வந்தது, கடன் வந்தது. அக்கான் மரபில் சொத்து தாய்வழியில் போகும், அப்பாவுடையது மகனுக்கு இல்லை, மாமனுடையது மருமகனுக்கு. அப்பாவோடு சேர்ந்து கோக்கோ நட்டு வளர்த்த மகனுக்குத் தோப்பு கிடைக்காத நிலையில் வீட்டுக்கு வீடு சண்டை. சூனியம் சொந்தத்துக்குள்ளிருந்துதான் வரும் என்று ஏற்கெனவே நம்பிய சமூகம் அது. அப்புறம் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பழைய நதித் தெய்வங்களுக்கு இந்தப் புது நோயைத் தீர்க்க முடியவில்லை. அபேரேவா, அதாவது கிழவி என்ற புதுச் சக்தி அசாந்தே நாட்டில் வேகமாகப் பரவியது. அதன் மருந்தைக் குடித்து, திருட மாட்டேன், சூனியம் வைக்க மாட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மீறினால் அவளே கொல்வாள். ஊர் ஊராகச் சேர்ந்தார்கள். பயந்துபோன ஆங்கிலேய அரசு 1908இல் தடை விதித்தது. அதன் பின் ஹ்வேம்சோ, நானா டோங்கோ, 1940களில் டிகாரே என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. டோங்கோ வந்தது வடக்கே தல்லென்சி மலைகளிலிருந்து, டிகாரேயும் வடக்குச் சவன்னாவிலிருந்து. அசாந்தே அரசு தலைமுறை தலைமுறையாக அடிமைகளைப் பிடித்து வந்த திசை அது. அங்கிருந்தே அசாந்தே மக்கள் தங்களைக் காப்பாற்றத் தெய்வத்தை இறக்குமதி செய்துகொண்டார்கள்.

1950களில் இந்தப் புதுக் கோயில்களில் உட்கார்ந்து வந்தவர்களைக் கவனித்தவர் மார்கரெட் ஃபீல்டு, மானிடவியலாளர், மனநல மருத்துவரும்கூட. நான்தான் சூனியக்காரி, என் பிள்ளைகளை நானே கொன்றேன் என்று தாங்களாகவே வந்து சொன்ன பெண்கள் பலர் நடுவயது தாண்டியவர்கள், கடுமையான மனச்சோர்வில் இருந்தவர்கள் என்று அவர் கண்டார். உழைத்து வளர்த்த கணவனின் தோப்பும் வீடும் இளைய மனைவிக்குப் போய்விட்டதைப் பார்த்தவர்களும் அவர்களில் உண்டு. ஒபாயிஃபோவை வெறும் ரத்தக்காட்டேரி என்று எழுதி முடிப்பவர்கள் விட்டுவிடுவது இந்தப் பெண்களைத்தான்.

அனான்சே கடவுள் இல்லை

சிலந்தியான குவாக்கு அனான்சேதான் இந்த உலகத்தின் மிகப் பிரபலமான ஆள். அவனுக்குக் கோயில் இல்லை, நேர்த்திக்கடன் இல்லை. அவன் கதாபாத்திரம். கதை தொடங்கும்போதே சொல்பவர், இதை நாங்கள் உண்மையென்று சொல்லவில்லை என்று அறிவித்துவிடுவார்.

கதைகளெல்லாம் நியாமேயிடம் இருந்தன. கொகோஃபு, பெக்வாய் போன்ற பெரிய ஊர்களே கேட்டு வாங்க முடியாததை அனான்சே விலைக்குக் கேட்டான். நியாமே சொன்ன விலை: மலைப்பாம்பு, சிறுத்தை, குளவிக் கூட்டம், ஒரு மோவாதியா. சரி, கூடவே என் கிழட்டு அம்மாவையும் தருகிறேன் என்றான் அனான்சே! திட்டம் போட்டுக் கொடுத்தது அவன் மனைவி அசோ. நீ நீளமா பனங்கிளை நீளமா என்று சண்டை போட்டு, அளப்பதுபோல மலைப்பாம்பைக் கிளையோடு கட்டினான். தலையில் நீரூற்றிக்கொண்டு, மழை வந்துவிட்டது, இதற்குள் ஒதுங்குங்கள் என்று குளவிகளைச் சுரைக்குடுவைக்குள் வரவைத்தான். சிறுத்தைக்குக் குழி. மோவாதியாவுக்குப் பிசின் தடவிய மரப்பொம்மை, அதன் கையில் மசித்த கிழங்கு. சாப்பிட்டுவிட்டு நன்றி சொன்ன மோவாதியா, பதில் வராத கோபத்தில் பொம்மையை அறைந்து ஒட்டிக்கொண்டது. காட்டில் பயப்பட வேண்டியவையெல்லாம் அந்த விலைப்பட்டியலில் இருக்கின்றன, பிடித்தது எல்லாவற்றிலும் சிறிய பூச்சி.

அடிமைக் கப்பல்களில் நதித் தெய்வங்கள் ஏற முடியவில்லை. ஆற்றை எப்படிக் கொண்டுபோவது? அனான்சே ஏறினான். ஜமைக்கா, சுரினாம், குராசோ எங்கும் அவன் கதைகள் இருக்கின்றன. பிறந்த கிழமையை வைத்து இடும் பெயர்களும் கப்பலேறிப் போயின. ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடி 1739இல் உடன்படிக்கை செய்துகொண்ட ஜமைக்காவின் தப்பியோடிய அடிமைகளான மரூன்களின் தலைவர் கட்ஜோ, பெயரளவில் திங்கட்கிழமைக்காரர், க்வாட்வோ.

கிழமைப் பெயர் என்பது வெறும் அழைப்புப் பெயர் இல்லை. நியாமேயிடமிருந்து வரும் க்ரா என்னும் உயிர் எந்தக் கிழமையில் இறங்கியதோ அதன் குணம் ஒட்டிக்கொள்ளும். கானாவின் முதல் அதிபர் குவாமே நிக்ரூமா சனிக்கிழமை, ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமைக்காரர் சாது, புதன்கிழமைக்காரர் முரடர் என்று பேச்சு. 1954இல் உளவியலாளர் குஸ்தாவ் யஹோடா குமாசிச் சிறார் நீதிமன்றப் பதிவுகளைப் பார்த்தார். புதன்கிழமைப் பையன்கள் நிஜமாகவே அதிகம் மாட்டியிருந்தார்கள். நீ முரடன் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்ததன் விளைவாக இருக்கலாம் என்பது அவர் ஊகம். அனான்சேயும் புதன்கிழமைக்காரன்தான், குவாக்கு.

முன்னோர் உட்கார்ந்த நாற்காலி

தெய்வங்கள் மாறலாம், முன்னோர்கள் மாறுவதில்லை. இறந்தவர்கள் அசமாண்டோவுக்குப் போகிறார்கள். வழி மேடானது, தாகம் எடுக்கும், அதனால் சாகும் தறுவாயில் வாயில் தண்ணீர் விட வேண்டும். எல்லோரும் போய்ச் சேர்வதில்லை. கெட்ட சாவு செத்தவர்களும், போக முடியாமல் வாசலில் அலைபவர்களும் உண்டு. நன்றாக ஆண்ட தலைவர் இறந்தால் அவர் உட்கார்ந்த முக்காலியைக் கரியும் முட்டைக்கருவும் பூசிக் கறுப்பாக்கி, தனி அறையில் வைப்பார்கள். ஆறு நாள் வாரத்தையும் ஏழு நாள் வாரத்தையும் பின்னிய 42 நாள் சுழற்சி அவர்கள் நாட்காட்டி. அதில் வரும் ஆடாய் நாட்களில் அந்த முக்காலிகளுக்குக் கிழங்கும் மதுவும் படைப்பார்கள்.

பொன் ஆசனம் இவற்றுக்கெல்லாம் மேல். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், பூசாரி ஒகோம்ஃபோ அனோச்சி அதை வானத்திலிருந்து வரவழைக்க, அது அரசர் ஓசெய் டூட்டூவின் மடியில் இறங்கியது என்பது வரலாறாகவே சொல்லப்படும் கதை. மொத்த அசாந்தே மக்களின் சுன்சும் அதில் இருக்கிறது. அரசரே அதில் உட்காரமாட்டார். 1900இல் ஆங்கிலேய ஆளுநர் ஃபிரெடரிக் ஹாட்ஜ்சன் குமாசிக்கு வந்து, அந்த நாற்காலியை ஏன் எனக்குப் போடவில்லை என்று கேட்டார். எஜிசுவின் அரசித்தாய் யா அசாந்தேவா தலைமையில் போர் மூண்டது. போரில் தோற்றார்கள், ஆசனத்தை மட்டும் கொடுக்கவில்லை, புதைத்து ஒளித்துவிட்டார்கள்.

2021 மக்கள்தொகைக் கணக்கின்படி கானாவில் கிறிஸ்தவர்கள் 71 சதவீதம், முஸ்லிம்கள் 20 சதவீதம், மரபுவழிச் சமயத்தார் 3 சதவீதம் சொச்சம். ஆனால் குமாசி அருகிலுள்ள ஆன்டோவா ஓடையின் தெய்வத்தின் பெயரைச் சொல்லிச் சபிப்பேன் என்று ஒருவர் சொன்னால், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவரும் கலங்குவார். வழக்குமன்றம் ஆண்டுக்கணக்கில் இழுக்கும், ஆன்டோவா உடனே தீர்ப்புக் கொடுக்கும் என்பதுதான் அதன் பெயர். அரசியல்வாதிகளும் மேடையில் அதைக் கூப்பிடுகிறார்கள். தன் வேலையை ஒழுங்காகச் செய்வதாகப் பெயரெடுத்த தெய்வத்துக்கு இன்னும் ஆள் வருகிறது.

இடத்தோடு கட்டுண்ட தெய்வத்துக்கு இடமே கெட்டுப்போவது வேறு பிரச்சினை. கலாம்சே என்னும் சட்டவிரோதத் தங்கச் சுரங்கத் தொழில் தானோ, ப்ரா, அங்கோப்ரா ஆறுகளைச் சேறாக்கிவிட்டது. ப்ரா சாதாரண ஆறு இல்லை. போசொம்ப்ரா என்ற பெயரில் தெய்வம், தந்தைவழியாகப் பிள்ளைக்கு வரும் ஆவிக் குழுக்களில் ஒன்றின் பெயரும் அதுவே. 2024 ஆகஸ்டில் கானாவின் குடிநீர் நிறுவனம் ஓர் அறிக்கை விட்டது. ப்ரா ஆற்றிலிருந்து நீர் எடுக்கும் சேக்யெரே ஹேமாங் நிலையம் 2,000 அலகு கலங்கல் வரை சுத்திகரிக்கக் கட்டப்பட்டது. அப்போது ஆற்றில் வந்த நீரின் கலங்கல் சராசரியாக 14,000 அலகு. கேப் கோஸ்ட்டுக்கும் எல்மினாவுக்கும் குழாய்த் தண்ணீர் குறைந்தது.